தண்ணீருக்காகக் காத்த காடு

அம்பிட்டிய என்றதும் கண்டிக்காரர் பலருக்கு 1893இல் தொடங்கிய குருமடம் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதற்கு அயலிலுள்ள குன்றுகளில் பரந்து கிடக்கும் துனுமடலாவக் காடு. ஏறக்குறைய 480 ஹெக்டேயர். உள்ளே நிற்பவர் ஆதிகாலத்துக் காடு என்றே நினைப்பார். உண்மையில் அது கோப்பி, கொக்கோ, ஏலம், தேயிலை எல்லாம் பயிரிட்டுக் கைவிட்ட தோட்டம். வாக்கர் தோட்டம் என்ற பெயர் இன்னும் வழங்குகிறது. நகரத்துக்குக் குடிநீர் தரும் நீரேந்துப் பகுதி என்பதால் கண்டி மாநகர சபை அதைத் தன் கையிலேயே வைத்திருக்கிறது. காத்தது தண்ணீரை, கூடவே காடும் வந்து சேர்ந்தது.

வந்த விதம்தான் அதிசயம். வெட்ட வெளியில் முதலில் முளைப்பவை வெயிலுக்கு அஞ்சாத கெந்த, கெடும்ப போன்ற மரங்கள். ஹலப்ப மடிக்கிறோமே, அதே கெந்த இலைதான். இவற்றின் சிறு பழங்களைக் கொண்டைக்குருவிகள் தின்று எச்சமிட, விதை மலையெங்கும் பரவுகிறது. சில ஆண்டுகளில் நிழல் விழுகிறது. மண்ணில் ஈரம் தங்கிய பிறகே வெயில் தாங்காத கன்றுகள் தலைகாட்டும். சருகு மழையின் வேகத்தைத் தணிக்கிறது, வேர்கள் மண்ணை இளக்குகின்றன. நீர் சரிவில் ஓடிவிடாமல் உள்ளே இறங்கி ஊற்றாகக் கசிகிறது.

பக்கத்திலேயே ஹந்தானைச் சரிவுகளில் மானாப்புல் அசையாமல் நிற்கிறது. காரணம் தீ. வறண்ட மாதங்களில் எரிந்தாலும் புல்லின் வேர் மண்ணுக்குள் பிழைத்து மறுபடி துளிர்க்கும், மரக்கன்று கருகிவிடும். அடிக்கடி தீ வந்துகொண்டிருந்தால் நூறாண்டு கழிந்தாலும் அங்கே காடு வராது. 2010இல் ஹந்தானை சூழல் பாதுகாப்புப் பிரதேசமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது நல்ல செய்தி. ஆனால் தீயைத் தடுக்க மலையில் ஆள் நிற்க வேண்டும்.

தடையை நீக்கினால் போதும் என்று காட்டியவர் சாம் பொப்பம். 1963இல் தம்புள்ளையில் முட்புதர் மண்டிய நிலத்தில் அவர் நட்ட கன்றுகள் வறட்சியில் பட்டுப்போயின. புதருக்குள் தாமாக முளைத்திருந்த கன்றுகளோ உயிரோடு இருந்தன. முள்ளை மட்டும் வெட்டி அவற்றுக்கு வெளிச்சம் கொடுத்தார். முதிரையும் கருங்காலியும் எழுந்தன. 1989இல் அந்த நிலத்தை ஹந்தானையில் இயங்கும் தேசிய அடிப்படை ஆய்வு நிறுவனத்திடம் ஒப்படைத்தார்.

எல்லா இடத்திலும் தடையை நீக்கினால் மட்டும் போதாது. தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள உடவத்தகெலேயில், வீட்டுச் சாடியில் வளர்க்கும் மணி பிளான்ட் நிலத்தை மூடிப் படர்கிறது. அமெரிக்க வெப்பவலயத்திலிருந்து வந்த பால்சம் மரத்தின் கன்றுகள் நெருக்கியடித்து முளைக்கின்றன. அங்கே சும்மா விட்டால் வெல்வது அந்நியச் செடிதான்.

இன்னோர் அந்நிய மரமான பைனஸை நானும் விரும்பியதில்லை. ஆனால் சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரும் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் ஆஷ்டனும் செய்த சோதனை மனதை மாற்றியது. பைனஸ் தோட்டத்தில் மூன்று வரிசை மரங்களை வெட்டி, அந்த இடைவெளியில் மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டார்கள். பைனஸின் நிழல் புல்லையும் பன்னத்தையும் அடக்கியிருந்தது, இடைவெளி வெளிச்சம் தந்தது. அடர்நிழலில் நட்டவற்றைவிட அவை நன்கு வளர்ந்தன.

கெந்தவைக் குருவி கொண்டுவரும். ஹொர போன்ற பெருமரங்களின் விதையோ கனமானது. இறக்கை இருந்தும் தாய்மரத்தை விட்டு வெகுதூரம் போகாது. காய்ந்தால் விரைவில் உயிரற்றுப்போகும், சேமித்து வைக்கவும் முடியாது. எல்லா ஆண்டும் ஒரே அளவில் காய்ப்பதுமில்லை. விழுந்த கையோடு பொறுக்கி நாற்றங்காலில் இட ஆள் வேண்டும். குறுகிய காலத் திட்டம் முடிந்ததும் கலைந்துபோகும் குழுவால் இது ஆகாது. அடுத்த காய்ப்பு வரும்வரை நாற்றங்காலை நடத்திக்கொண்டிருக்கும் அமைப்புகளே கண்டி மலைகளுக்குத் தேவை.