கடல் மணலும் கடைசல் பொறியும்

நாங்கள் லக்ஷ்மிபாய் நகரில் குடியிருந்தபோது அடுத்த வீட்டுப் பெரியவர் மாடிப்படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். டைட்டானியத் தகடு வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். அவருக்குச் சொந்த ஊர் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி. நான் பொறியியல் மாணவன் என்பதால், ஒரு நாள் மாலை என்னை அழைத்து, "ஏன் தம்பி, ஒரு சாண் தகட்டுக்கு இத்தனை விலையா? தங்கமா வைத்தார்கள்?" என்று கேட்டார். அன்று அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

டைட்டானியம் கிடைத்தற்கரிய பொருளன்று. பெரியவர் சிறு வயதில் ஓடி விளையாடிய கடற்கரைக் கருமணலில் உள்ள இல்மனைட்டே அதன் தாது. அதன் எடையோ எஃகின் எடையில் அறுபது விழுக்காடுதான். அலுமினியம் 6, வனேடியம் 4 விழுக்காடு சேர்த்த கலவையோ நல்ல எஃகுக்கு ஈடான வலிமை உடையது. மேலே தானாகப் படியும் மெல்லிய ஆக்ஸைடுப் படலம் அரிப்பைத் தடுப்பதால், உடலுக்குள்ளும் கடல் நீரிலும் கெடுவதில்லை.

அப்படியானால் விலை எங்கிருந்து வந்தது? மணலிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது எளிதன்று. சூடேறினால் காற்றிலுள்ள ஆக்ஸிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்குந் தன்மை பெற்றுவிடும். ஆகவே தாதுவை முதலில் குளோரைடாக்கி, ஆர்கன் வாயு நிரம்பிய கலத்தில் மக்னீசியத்தோடு வினைபுரிய வைக்கிறார்கள். இது கிரால் என்பவர் கண்ட முறை. கிடைப்பது கடற்பஞ்சு போன்ற உலோகம். அதை வெற்றிடத்தில் உருக்கிக் கட்டியாக்க வேண்டும்.

அடுத்த செலவு கடைசலில். நான் முதன்முதலாக இதைக் கடைந்தபோது எஃகுக்குரிய வேகத்திலேயே பொறியை ஓட்டினேன். சில நிமிடங்களில் வெட்டுளியின் முனை கருகிப்போயிற்று! காரணம், இக்கலவை வெப்பத்தைக் கடத்துவதில் சாதாரண எஃகில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. பிறக்கும் சூடு சீவலோடு வெளியேறாமல் உளி முனையிலேயே தங்குகிறது. சீவலும் முனையில் ஒட்டிக்கொள்கிறது. மேலும், இது எஃகைவிட இருமடங்கு வளைந்து கொடுப்பதால், மெல்லிய பகுதி உளிக்கு அஞ்சியதுபோல் விலகி அதிரும்.

ஆகவே கூரிய கார்பைடு உளி வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 60 மீட்டர் அளவில் அடங்க வேண்டும். குளிர்நீர்மம் தாராளமாகப் பாய வேண்டும். உளி நின்ற இடத்தில் உரசாமல் சீராக முன்னேற வேண்டும். நுண்ணிய சீவல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாகாது. உலர்ந்த மணலால்தான் மூட வேண்டும்.

இந்தியாவில், ஐதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் கண்ட முறையில், கேரளத்துச் சவராவில் 2011இல் டைட்டானியப் பஞ்சு ஆலை தொடங்கிற்று. அதன் திறன் ஆண்டுக்கு 500 டன். ஆனால் உலகில் தோண்டும் தாதுவின் பெரும்பகுதி உலோகமாவதில்லை. வெள்ளை வண்ணப்பூச்சாகவே போகிறது.

"அப்போ, என் காலில் இருப்பது எங்கள் ஊர் மணலா?" என்றார் பெரியவர். எந்தக் கரை மணல் என்று சொல்ல இயலாது என்றேன்.

"எந்தக் கரையானால் என்ன? விலை மணலுக்கு இல்லை தம்பி, வேலைக்கு!" என்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.