எண்ணெய்ப் போத்தலும் எங்கள் தோலும்

தோல் வருத்தம் ஆளைக் கொல்லாது என்று சொல்லிச் சமாதானப்படுவது எம்மவர் வழக்கம். காய்ச்சல் என்றால் வைத்தியசாலைக்கு ஓடுவோம். வயிற்றோட்டம் என்றாலும் ஓடுவோம். சொறிக்கும் படர்தாமரைக்கும் ஓடுவதில்லை. ஆனால் இரவு முழுவதும் சொறிந்த பிள்ளை காலையில் வகுப்பறையில் தூங்கி விழுகிறது. குதி வெடித்து நடக்க முடியாத தாய் அன்றைய கூலியை இழக்கிறாள். சொறியில் பட்ட நகக்கீறல் சீழ்ப் புண்ணாகி, அதன் விளைவாகப் பிள்ளையின் சிறுநீரகம் பாதிக்கப்படுவதும் உண்டு.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்த வருத்தங்கள் புதியவை அல்ல. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களும், 2009 இல் மெனிக் பாம் முகாமில் அடைபட்டவர்களும் நெருக்கமாகப் படுத்து, அளந்த தண்ணீரில் குளித்து வாழ நேர்ந்தவர்கள். நெருக்கமும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்த இடத்தில் தோல் வருத்தம் வீட்டுக்கு வீடு தாவும். அப்போது கைக்கு எட்டுவது எண்ணெய்ப் போத்தல்தான். அந்தப் போத்தல் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்வது பயன் தரும்.

இரண்டு வகை எண்ணெய்

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வேப்பெண்ணெய் ஆகியன விதையிலிருந்தோ பருப்பிலிருந்தோ பிழிந்து எடுக்கப்படுபவை. இவை தோலில் தங்கி அதன் ஈரம் வெளியேறாமல் காக்கின்றன. கறுவா, கராம்பு, யூக்கலிப்டஸ், சிற்றனெல்லாப் புல் ஆகியவற்றின் எண்ணெய்கள் வேறு வகை. இலை, பட்டை, மொட்டு முதலியவற்றின் ஊடாக நீராவியைச் செலுத்தி, அந்த ஆவியைக் குளிரவைத்து இவற்றைப் பிரித்தெடுக்கிறார்கள். இவற்றை வாசனை எண்ணெய்கள் என்போம்.

இரண்டையும் வேறுபடுத்தி அறிய எளிய வழி உண்டு. ஒரு வெள்ளைத் தாளில் ஒவ்வொரு துளி விட்டு ஒரு நாள் வையுங்கள். தேங்காய் எண்ணெயின் கறை அப்படியே இருக்கும். கலப்பில்லாத வாசனை எண்ணெய் பறந்துபோய்விடும். எண்ணெய்க் கறை இராது. சந்தையில் வாங்கிய வாசனை எண்ணெய் கறை விட்டால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்த வேறுபாடு முக்கியமானது. கூடைகூடையாக இலையை வடித்தாலும் கிடைப்பது சிறிதளவு வாசனை எண்ணெய்தான். அத்தனை இலையின் காரமும் அந்தச் சிறு போத்தலில் அடங்கியிருக்கிறது. எனவே தேங்காய் எண்ணெயைப் பூசுவதுபோல அதை நேரே தோலில் பூசக்கூடாது.

கலக்கும் முறை

ஒரு தேக்கரண்டி என்பது 5 மில்லி லீற்றர். அதாவது ஏறத்தாழ 100 துளிகள். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் ஒரு துளி வாசனை எண்ணெய் விட்டால் அது நூற்றுக்கு ஒரு பங்கு. வளர்ந்தவர்களின் உடம்பில் பூச இது போதும். இரண்டு துளிக்கு மேல் போகவேண்டாம். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வாசனை எண்ணெய் எதுவும் வேண்டாம். கர்ப்பிணித் தாய்மார் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்காமல் பாவிக்கக்கூடாது.

முதன்முறை பூசுவதற்கு முன், கலந்த எண்ணெயில் சிறிதை முன்கையின் உட்புறத்தில் தடவி இரண்டு நாள் பொறுங்கள். சிவந்தாலோ கடித்தாலோ அந்த எண்ணெய் உங்களுக்கு ஒவ்வாது. கறுவாப் பட்டை எண்ணெய் பலருக்குத் தோலை எரிக்கும். அதைத் தோலுக்குப் பாவிக்காமல் விடுவதே நல்லது. வாசனை எண்ணெயைக் குளிக்கும் தண்ணீரில் ஊற்றுவதும் தவறு. அது தண்ணீரில் கரையாமல் மேலே மிதந்து, கலக்கப்படாத நிலையிலேயே தோலில் ஒட்டிக்கொள்ளும்.

வெயிலில் வேலை செய்வோருக்கு இன்னொரு எச்சரிக்கை. தேசிக்காய்ச் சாறோ தேசிக்காய்த் தோலின் எண்ணெயோ பட்ட கையுடன் வெயிலில் நின்றால் அந்த இடம் சுட்டதுபோலக் கொப்பளித்து, கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். தேசிக்காய் பறித்தவர்களும் பிழிந்தவர்களும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பின்பே வெயிலில் இறங்கவேண்டும்.

எந்த வருத்தத்துக்கு என்ன?

வறண்ட தோலும் குதிவெடிப்பும்: இதற்குத் தேங்காய் எண்ணெயே முதல் மருந்து. காலைப் பத்து நிமிடம் சாதாரண தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தை ஒற்றியெடுத்து, உடனே எண்ணெய் பூசவேண்டும். காய்ந்த காலில் பூசுவதைவிட ஈரம் சற்று இருக்கும்போது பூசினால் பலன் அதிகம். தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ அரைப்பங்கு லோரிக் அமிலம். அது சில பற்றீரியாக்களை அடக்கும். 2008 இல் வெளிவந்த ஒரு பிலிப்பைன்ஸ் ஆய்வில், கரப்பன் உள்ள வளர்ந்தவர்களின் தோலில் இருந்த புண் கிருமிகளைக் குறைப்பதில் ஒலிவ் எண்ணெயைவிடத் தூய தேங்காய் எண்ணெய் சிறந்து விளங்கியது.

சொறி: இது கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிற்றுண்ணியால் வருவது. பெண் உண்ணி தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். முதன்முறை தொற்றியவருக்குக் கடி தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதனால்தான் சொறியாத பிள்ளைக்கு வருத்தம் இல்லை என்று எண்ணி ஏமாறுகிறோம். 1992 இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 814 பேருக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசப்பட்டது. அவர்களில் நூற்றுக்கு 97 பேர் 3 முதல் 15 நாட்களில் குணமடைந்ததாக எழுதப்பட்டுள்ளது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் மருந்து பூசாத இன்னொரு குழுவுடன் ஒப்பிட்டுப் பார்க்காத ஆய்வு அது. 2010 இல் வெளியான ஆய்வொன்றில் கராம்பு எண்ணெய் இந்த உண்ணிகளை ஆய்வுகூடத்தில் கொன்றது. ஆய்வுகூடத் தட்டு வேறு, பிள்ளையின் தோல் வேறு. ஆகவே வைத்தியசாலையில் தரும் பென்சயில் பென்சோயேற்று அல்லது பேர்மெத்திரின் மருந்தையே நம்புங்கள்.

எந்த மருந்தானாலும் மூன்று விதிகள்:

1. வீட்டில் உள்ள எல்லோரும், சொறிபவர் சொறியாதவர் என்ற பேதமின்றி, ஒரே நாளில் பூசவேண்டும். பக்கத்துக் குடும்பத்துடன் ஒரே அறையில் படுப்பவர்கள் அவர்களையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

2. அன்றே உடுப்பையும் விரிப்பையும் சுடுதண்ணீரில் தோய்த்து வெயிலில் காயவிடவேண்டும். தோய்க்க முடியாதவற்றைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்தால் போதும். மனித உடம்பை விட்டு விலகிய உண்ணி பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் செத்துவிடும்.

3. வைத்தியர் சொன்ன நாளில் இரண்டாம் முறையும் பூசவேண்டும். உண்ணி செத்த பின்பும் கடி இரண்டு முதல் நான்கு வாரம் வரை இருக்கலாம். அதற்காக மருந்தை மீண்டும் மீண்டும் அள்ளிப் பூசவேண்டாம். அந்த நாட்களில் தேங்காய் எண்ணெய் தோலை ஆற்றும்.

படர்தாமரையும் கால்விரல் இடுக்குப் புண்ணும்: இவை பங்கசுவால் வருபவை. சேற்றிலும் வியர்வையிலும் வேலை செய்வோரை விடாது தொடர்பவை. அவுஸ்திரேலியாவின் தேயிலை மர எண்ணெயைப் பற்றி இப்போது அதிகம் பேசுகிறார்கள். பெயர் அப்படியிருந்தாலும் அது எங்கள் மலைநாட்டுத் தேயிலையிலிருந்து எடுப்பதன்று. அது வேறு மரம். 1992 இல் வெளிவந்த ஆய்வில் நூற்றுக்கு 10 பங்கு அளவில் அது கடியைக் குறைத்தது. ஆனால் பங்கசுவை ஒழிப்பதில் வெறும் களிம்பைவிட மேலானதாக இல்லை. 2002 இல் இன்னும் கூடிய அளவில் பாவித்தபோது நூற்றுக்கு 64 பேரில் பங்கசு ஒழிந்தது. மருந்தில்லாத திரவம் பூசியவர்களில் இது 31. கூடிய அளவில் சிலருக்குத் தோல் எரிந்து சிவந்ததும் உண்டு. எம்மவர்க்கு அந்த விலை கட்டாது, தேவையும் இல்லை. வைத்தியசாலையில் தரும் பங்கசுக் களிம்பை வைத்தியர் சொன்ன நாள்வரை பூசி, விரல் இடுக்கைத் துடைத்துக் காயவைப்பதே சிறந்த வழி. கடையில் வாங்கும் கலப்புக் களிம்புகள் சிலவற்றில் உள்ள ஸ்ரிறோயிட் மருந்து முதலில் கடியை அடக்கி, பின்னர் படர்தாமரையைப் பரப்பிவிடும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

நுளம்புக்கடி: சிற்றனெல்லாப் புல் எண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து பூசினால் நுளம்பு சிறிது நேரம் அண்டாது. அது பறந்துபோகும் எண்ணெய். எனவே பாதுகாப்பும் விரைவில் பறந்துவிடும். எமது நாடு மலேரியா அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்று வழங்கியது. டெங்கு இன்னும் இருக்கிறது. நுளம்புவலையும், தண்ணீர் தேங்காத வளவும் எண்ணெயைவிட நீடித்த காவல்.

நெருப்புச் சுட்ட இடம்: எந்த எண்ணெயும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். இருபது நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஓடவிடுங்கள்.

வேப்பெண்ணெய் பற்றி

எங்கள் பக்கத்தில் காசில்லாமல் கிடைப்பது வேம்பு. உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி, சதையைக் கழுவி, விதையை நிழலில் நன்றாகக் காயவைத்து, பருப்பை இடித்துப் பிழியலாம். பூஞ்சணம் பிடித்த விதையை எறிந்துவிடுங்கள். ஒரு பங்கு வேப்பெண்ணெய்க்கு ஒன்பது பங்கு தேங்காய் எண்ணெய் சேர்த்துத் தோல் முறியாத இடத்தில் மட்டும் பூசலாம்.

ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். வேப்பெண்ணெயைப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கக்கூடாது, ஒரு சொட்டும் கூடாது. மலேசியாவில் இவ்வாறு கைமருந்தாகப் பருக்கப்பட்ட குழந்தைகள் வாந்தியும் வலிப்பும் கண்டு, மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை வைத்தியர்கள் 1981 இல் எழுதினார்கள். யூக்கலிப்டஸ் எண்ணெயும் அப்படியே: சில மில்லி லீற்றர் உள்ளே போனாலே சிறு பிள்ளை மயங்கிவிடலாம். கற்பூரம் வலிப்பை உண்டாக்கும். சளிக்கென்று எண்ணெயில் கற்பூரம் காய்ச்சிக் குழந்தையின் நெஞ்சில் பூசும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

எண்ணெய் மறைக்கும் வருத்தங்கள்

எண்ணெய் பூசிப் பூசிக் காலத்தைக் கடத்துவதால் வரும் கேடு பெரிது. பின்வருவனவற்றைக் கண்டால் எண்ணெயை மூடி வைத்துவிட்டுப் புறப்படவேண்டும்.

தொட்டால் உணர்வில்லாத, நிறம் மங்கிய தேமல்: இது குட்டநோயின் தொடக்கமாக இருக்கலாம். முன்னாளில் இதற்கு நீரடிமுத்து எண்ணெயைவிட வேறு மருந்து இல்லை. 1915 அளவில் ஹவாயில் அலிஸ் போல் என்ற இளம் இரசாயனவியலாளர் அவ்வகை எண்ணெயை ஊசிமூலம் ஏற்றக்கூடியதாக மாற்றினார். 1940களில் வந்த மருந்துகள் அதனைப் பின்தள்ளின. இன்று 6 அல்லது 12 மாத மாத்திரைகளால் நோய் முற்றாகக் குணமாகும். மருந்து இலவசம். பிந்திப் போனால் விரல்களும் கண்களும் பாதிக்கப்படும். வெட்கத்துக்காகக் காத்திருக்க இங்கே இடமில்லை.

நோவில்லாமல் வாரக்கணக்கில் ஆறாத கட்டி அல்லது புண்: மணல் ஈயால் பரவும் லீஷ்மானியாசிஸ் நோய் இவ்வாறு தோன்றும். காட்டோரத்திலும் வயலிலும் வேலை செய்வோர் கவனிக்கவேண்டும். இலங்கையில் இது 2008 முதல் அறிவிக்கப்படவேண்டிய நோயாக உள்ளது.

சொறிப்புண் உள்ள பிள்ளையின் முகம் வீங்குதல், சிறுநீர் கறுத்துப் போதல், காய்ச்சலுடன் சிவப்புப் பரவுதல்: அன்றே வைத்தியசாலை. நாளைக்கு என்று வைக்கவேண்டாம்.

சின்னப் போத்தலை உயர்த்திக் காட்டி, சொறி, குட்டம், நீரிழிவுப் புண் எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்று விற்க வருபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதற்குள் என்ன இருக்கிறது? எத்தனை பங்கு இருக்கிறது? பதில் இல்லையென்றால் அந்தக் காசுக்குச் சவர்க்காரமும் தேங்காய் எண்ணெயும் வாங்குங்கள்.

வீட்டில் இருக்கும் எண்ணெயைக் கடுநிறக் கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பழசாகி மணம் மாறிய எண்ணெய் தோலைக் கடிக்கும், அதை ஊற்றிவிடுங்கள். சோடாப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்கவேண்டாம். தாகத்தில் வரும் பிள்ளைக்கு அது சோடாவாகவே தெரியும். போத்தலின் மேல் பெயரையும் ஊற்றிய திகதியையும் எழுதி ஒட்டி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கூடாரத்தில் வாழ்ந்தாலும் அதன் மேற்கம்பில் ஒரு பையைக் கட்டித் தொங்கவிட இடம் இருக்கும்.