முகப்பிலேயே வழி தெரிய வேண்டும்

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது? இதற்கு விடை தேடிப் பல்கலைக்கழக இணையதளம் ஒன்றைத் திறந்து பாருங்கள். முகப்பில் விழாப் படங்கள் ஓடும். துணைவேந்தர், ஆட்சிக்குழு, பதிவாளர் என அலுவலக வரிசையில் தலைப்புகள் நிற்கும். உதவித்தொகை எதன் கீழ் இருக்கிறது? மாணவர் நலமா, நிதிப் பிரிவா, சுற்றறிக்கையா? ஒவ்வொன்றாகத் திறந்து கடைசியில் அகப்படுவது, ஸ்கேன் செய்து ஏற்றிய ஒரு பிடிஎப். எழுத்தெல்லாம் படமாகிவிட்டதால் சொல்லைத் தட்டித் தேடினாலும் சிக்காது.

அண்ணன், அக்கா பட்டம் படித்த வீடுகளில் ஒரு போன் போட்டால் விவரம் கிடைத்துவிடும். சேரியிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்கப் போகும் பிள்ளை யாரைக் கேட்கும்? ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மிகாத பட்டியலினக் குடும்பங்களுக்கான உதவித்தொகை அது. நாள் தவறினால் படிப்பே நின்றுபோகலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. சாதிப் பாகுபாடு குறித்துப் புகார் அளிக்க இணையதளத்தில் தனிப்பக்கம் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு பலமுறை சுற்றறிக்கை அனுப்பியுள்ளது. ஐந்தாறு சொடுக்குகளுக்கு அப்பால் அந்தப் பக்கம் ஒளிந்திருந்தால், அவமானப்பட்டு நிற்கும் மாணவருக்கு அது இல்லாத பக்கம்தான்.

இதைச் சலுகையாக நாம் கேட்கவில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4ஆவது பிரிவில், யாரும் கேட்காமலேயே தகவலை வெளியிடச் சொல்கிறது. உள்ளூர் மொழியையும், அப்பகுதி மக்களை எளிதில் சென்றடையும் வழியையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத வேலை. சேர்க்கை, கட்டணம், உதவித்தொகை, விடுதி, தேர்வு, புகார் என்று மாணவரின் தேவைப்படி முகப்புத் தலைப்புகளை மாற்ற வேண்டும். உதவித்தொகைக்கு ஒரே பக்கம் போதும்: யாருக்கு, என்னென்ன சான்றிதழ், கடைசி நாள், யாரைப் பார்ப்பது. எல்லாம் தமிழிலும், தேடக்கூடிய எழுத்தாகவும் இருக்கட்டும். காலாவதியான அறிவிப்புகள் தனியே போகட்டும்.

தலைப்புகளைச் சிறு அட்டைகளில் எழுதி மாணவர்களிடமே கொடுத்து, எது எதனோடு சேரும் என்று அடுக்கச் சொல்லலாம். பிறகு கிராமத்து மாணவர் ஐந்து பேரிடம் செல்போனில் உதவித்தொகைப் பக்கத்தைத் தேடச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும் இடமே திருத்த வேண்டிய இடம்.

மாணவர்களே, உங்கள் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தை இன்றே திறந்து பாருங்கள். கிடைக்காத தகவல்களைப் பட்டியலிட்டுப் பதிவாளருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.