இரண்டு பேராறுகள் கூடும் இடத்தில் 1,733 பேர்

அமெரிக்காவிலும் ஒரு கெய்ரோ இருக்கிறது. இலினோய் மாநிலத்தின் தென்கோடியில், மிசிசிப்பி ஆறும் ஒஹாயோ ஆறும் கூடும் முனையில் இருக்கும் சிறிய ஊர் அது. ஆங்கில எழுத்தில் எகிப்தின் தலைநகருக்கும் இதற்கும் வேறுபாடே இல்லை. ஆனால் ஊர்க்காரர்கள் ‘கேரோ’ என்றுதான் சொல்வார்கள். குழப்பம் வேண்டாம் என்று நானும் அப்படியே எழுதுகிறேன்.

புவியியல் இரண்டாம் ஆண்டு மாணவி நான். இந்தப் பருவத்தில் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட இடுபணி இதுதான்: ஐயாயிரம் பேருக்கும் குறைவாக வாழும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, அதன் மக்கள்தொகை ஏன் அப்படி இருக்கிறது என்று விளக்க வேண்டும். நான் கேரோவை எடுத்தேன். காரணம், வரைபடத்தைப் பார்த்தால் அங்கே ஒரு மாநகரம்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆறுகள் கூடும் இடத்தில் ஊர் எழுவது நமக்குப் புதிதல்ல. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடிய சேற்று முனையில்தான் கோலாலம்பூர் பிறந்தது. கேரோவில் கூடுபவையோ வட அமெரிக்காவின் பேராறுகள். அந்த இடத்தில் மிசிசிப்பியைவிட ஒஹாயோதான் அதிகத் தண்ணீர் கொண்டுவருகிறது. நியாயப்படி பார்த்தால் அதற்குக் கீழே ஓடுவதை ஒஹாயோ என்றே அழைத்திருக்கலாம்!

இந்த வரைபடத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் எனக்கு முன்பே பலர். 1830களில் ஒரு நிறுவனம் இங்கே பெருநகர் எழப்போகிறது என்று சொல்லி லண்டன்வரை போய்ப் பணம் திரட்டியது. பிறகு திவாலானது. 1842இல் ஆற்றுவழியே சென்ற எழுத்தாளர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் கண்டது சதுப்பு நிலத்தையும் பாதி கட்டிய வீடுகளையும்தான். அவருடைய ‘மார்ட்டின் சஸில்விட்’ நாவலில் வரும் ஏடன் என்ற மோசடிக் குடியேற்றத்துக்குக் கேரோவே மூலம் என்பது பலரின் கருத்து.

ஆனாலும் ஊர் வளர்ந்தது. சிக்காகோவிலிருந்து இரயில் பாதை வந்தது. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இல் தளபதி கிராண்ட் இங்கேதான் முகாமிட்டார். ஒஹாயோவுக்குப் பாலம் இல்லாத காலத்தில் இரயில் பெட்டிகளையே ஃபெரியில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். சரக்கு நின்று மாறும் இடத்தில் கிடங்கு, கூலி, கடை, விடுதி எல்லாம் தானாக வந்துவிடும் அல்லவா?

1889இல் ஒஹாயோ மேல் இரயில் பாலம் கட்டி முடிக்கப்பட்டது. இரயில் நிற்காமலே போனது, அதனால் ஊர் தேய்ந்தது என்பதுதான் பலர் சொல்லும் விளக்கம். எழுதுவதற்கு எளிது, மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் கணக்கெடுப்பு எண்கள் அதற்கு ஒத்துவரவில்லை. பாலம் வந்த மறு ஆண்டு, 1890இல், மக்கள்தொகை 10,324. முப்பது ஆண்டு கழித்து, 1920இல், 15,203. அதுதான் உச்சம். 1940இல்கூட 14,407 பேர் இருந்தார்கள். பாலம்தான் கொன்றது என்றால், சாவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருக்கிறது.

உண்மையான சரிவு 1950க்கும் 1970க்கும் இடையில்தான். 12,123 பேர் 6,277 ஆனார்கள். இருபது ஆண்டில் பாதி ஊர் காலி.

அந்த இருபது ஆண்டுகளை ஆற்றை மட்டும் வைத்து விளக்க முடியாது. இலினோய் வடமாநிலம்தான், ஆனால் கேரோ வெர்ஜீனியாவின் ரிச்மண்டைவிடத் தெற்கே இருக்கிறது. பழக்கவழக்கமும் தெற்கத்தியதே. 1909இல் வில்லியம் ஜேம்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஆயிரக்கணக்கானோர் கூடி நின்று கொன்ற ஊர் இது. 1962இல் கறுப்பின மாணவர்கள் பொது நீச்சல் குளத்தில் இடம் கேட்டுப் போராடினார்கள். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸ் குளத்துக்கு வெளியே மண்டியிட்டுத் தொழும் படம் அந்தப் போராட்டத்தில் எடுத்ததுதான். முடிவில் குளமே மூடப்பட்டது. பிறகு சிமெண்ட் கொட்டி நிரப்பிவிட்டார்கள். சேர்ந்து குளிப்பதைவிட யாருமே குளிக்காமல் இருப்பது மேல் என்று ஓர் ஊர் முடிவெடுத்ததாகவே எனக்குப் படுகிறது.

1967இல் விடுப்பில் ஊருக்கு வந்திருந்த ராபர்ட் ஹண்ட் என்ற பத்தொன்பது வயதுக் கறுப்பினப் படைவீரர் காவல் நிலையத்தில் தூக்கில் தொங்கிய நிலையில் இறந்து கிடந்தார். கலவரம் வெடித்தது, தேசியக் காவல்படை வந்தது. 1969இல் கறுப்பின மக்கள், தங்களுக்கு வேலை தராத கடைகளில் பொருள் வாங்க மாட்டோம் என்று புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். அது பல ஆண்டுகள் நீடித்தது. இறங்கிவர மறுத்த கடைகள் ஒவ்வொன்றாக மூடின.

இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அந்த வட்டாரத்தில் வேறு ஆற்றோர ஊர்களும் சுருங்கின. லாரி வந்தது, நெடுஞ்சாலை வந்தது. 1978இல் புதிய விரைவுச்சாலைப் பாலம் ஊரை ஒதுக்கிவிட்டுப் போனது. ஆனால் ‘புவியியல் அமைப்பு’ என்ற தலைப்பின் கீழ் எல்லாவற்றையும் அடைத்துவிட்டால், மனிதர்கள் எடுத்த முடிவுகள் காணாமல் போய்விடும்.

அடுத்து வெள்ளம். கேரோவைச் சுற்றி உயர்ந்த தடுப்புக் கரைகளும் சுவரும் உள்ளன. வடக்கே சாலை நுழையும் இடத்தில் ஒரு பெரிய இரும்புக் கதவு. அதை இறக்கிவிட்டால் ஊர் ஒரு கிண்ணம் போல ஆகிவிடும். வெளியே ஆறு ஏற ஏற, நீர் கரைக்கு அடியில் கசிந்து உள்ளே மணலோடு பொங்கி வரும். 2011 மே 2ஆம் தேதி ஆற்றின் அளவு 61.7 அடியைத் தொட்டது. 1937இல் பதிவான 59.5 அடிதான் அதற்கு முந்திய உச்சம். ஊரைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது.

எதிர்க்கரையில், மிசூரி மாநிலத்தில், இப்படிப்பட்ட நாளுக்காகவே 1928ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒதுக்கிய வெள்ள வடிகால் நிலம் இருந்தது. அதன் கரையை உடைத்தால் 130,000 ஏக்கர் விளைநிலம் மூழ்கும். உடைக்காவிட்டால், பத்தில் ஏழு பேர் கறுப்பினத்தவரான கேரோ மூழ்கலாம். மிசூரி அரசு உச்ச நீதிமன்றம்வரை போனது. கேரோ மூழ்கட்டும் என்று அம்மாநிலச் சட்டமன்றத்தின் அவைத் தலைவர் வெளிப்படையாகவே சொல்லி, பின்னர் மன்னிப்புக் கேட்டார். அன்றிரவு இராணுவப் பொறியாளர் படை கரையை வெடிவைத்து உடைத்தது. கேரோ தப்பியது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்த வடிகால் நிலத்துக்குள் பின்ஹூக் என்ற சிற்றூர் இருந்தது. நல்ல நிலம் வாங்க வழியில்லாத கறுப்பின விவசாயிகள் 1940களில் உருவாக்கிய ஊர். 2010 கணக்கெடுப்பில் 30 பேர். அது முழுவதும் அழிந்தது. 130,000 ஏக்கர் பற்றிய செய்திகளில் இந்த முப்பது பேரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

வெள்ளத்தில் தப்பிய கேரோவும் நிலைக்கவில்லை. அரசாங்க அடுக்கு வீடுகள் பல ஆண்டுகள் பராமரிப்பின்றிக் கிடந்தன. 2017இல் இரண்டு குடியிருப்புகளை இடிக்கப்போவதாக மத்திய அரசு அறிவித்தது. ஏறத்தாழ 400 பேர், அவர்களில் பாதிப்பேர் பிள்ளைகள், வெளியேற வேண்டியதாயிற்று. ஊருக்குள் மாற்று வீடு இல்லை. 2010இல் 2,831 ஆக இருந்த எண்ணிக்கை 2020இல் 1,733 ஆனது. கேரோ இருக்கும் அலெக்சாண்டர் மாவட்டம் அந்தப் பத்தாண்டில் 36 விழுக்காடு மக்களை இழந்தது. நான் படித்த இடைநிலைப்பள்ளியில் இருந்த மாணவர் எண்ணிக்கையே ஏறக்குறைய 1,700.

2020இல் கேரோவில் ஓர் ஆற்றுத் துறைமுகம் அமைக்க இலினோய் மாநில அரசு 40 மில்லியன் டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. காரணமாகச் சொன்னது, 1830களில் லண்டனில் பணம் திரட்டியவர்கள் சொன்ன அதே காரணம்தான்: இரண்டு ஆறுகள் கூடும் இடம். துறைமுகத்துக்கு அந்த இடம் பொருத்தம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வேலை வந்தால் குடியிருக்க வீடு எங்கே என்பதுதான் நான் இடுபணியின் கடைசிப் பக்கத்தில் எழுதிய கேள்வி.