லேப்டாப் வாங்கலாம், வாங்க!



எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். அதனால் லேப்டாப் வாங்கும்போது யோசனை கேட்க வீட்டில் யாரும் இல்லை. நான் பட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் படித்தே தெரிந்துகொள்ளலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் ஊர்ப் பெருமை. தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கி வைத்தது நம்ம திருவள்ளூர் பக்கத்துக் காக்களூரில்தான். அந்தத் திட்டத்தில் எதிர்வீட்டு அக்கா பிளஸ் டூ படிக்கும்போது வாங்கிய லேப்டாப்தான் என் முதல் கம்ப்யூட்டர். அதில் போட்டோ திருத்தக் கற்றுக்கொண்டு, திருநின்றவூரில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கல்யாண ஆல்பம் செய்து கொடுத்தேன். ஒரு பக்கம் சேவ் ஆவதற்குள் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்! இரண்டாம் ஆண்டில் ஆட்டோகேடும் சேர்ந்ததும் அது படுத்தேவிட்டது.

உடனே ஆசை பறந்தது. சிவப்பு விளக்கு எரியும் கேமிங் லேப்டாப், விலை 1,10,000 ரூபாய். அப்பா காக்களூர் தொழிற்பேட்டையில் பிரஸ் ஆபரேட்டர்.

"எவ்ளோ ஆவும்டா?" என்று கேட்டார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

"சீட்டைத் தள்ளி எடுத்துடலாம்பா" என்றார் அம்மா. கூரை ஷீட் மாற்றுவதற்காகக் கட்டி வந்த ஏலச்சீட்டு அது. தள்ளி எடுத்தால் கால் பங்கு போய்விடும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வாங்குவதற்கு முன் என் வேலைக்கு என்னதான் தேவை என்று அளந்து பார்க்க முடிவு செய்தேன்.

அளப்பது எப்படி?

வகுப்பு நண்பனின் லேப்டாப்பை ஒரு நாள் வாங்கி, என் ஆல்பத்தையும் டிராயிங்கையும் அதில் திறந்தேன். கூடவே டாஸ்க் மேனேஜரையும் திறந்து வைத்தேன். எந்தப் பாகம் நிரம்புகிறது, எது சும்மா இருக்கிறது என்று அதுவே காட்டிவிடும்.

ராம் என்பது நம் ஒர்க்‌ஷாப் பெஞ்ச் மாதிரி. டிஸ்க் என்பது ஸ்டோர் ரூம். பெஞ்ச் சின்னதாக இருந்தால் ஒவ்வொரு டூலுக்கும் ஸ்டோருக்கு ஓட வேண்டும். பழைய லேப்டாப்பில் 2 ஜிபி ராம்தான், ஸ்டோரோ சுழலும் ஹார்டு டிஸ்க். தாமதத்துக்குக் காரணம் புரிந்தது. நண்பனின் 16 ஜிபி ராமே என் ஆல்பத்துக்கு நிரம்பி வழிந்தது. ஆனால் கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் சும்மா இருந்தது. 2டி டிராயிங்குக்கும் போட்டோவுக்கும் அதன் வேலை குறைவு. பிளெண்டரில் 3டி ரெண்டர், வீடியோ எடிட்டிங், விளையாட்டு என்றால்தான் அதற்குத் தீனி. என்னிடம் கேட்ட 1,10,000 ரூபாயில் ஒரு நல்ல பங்கு அந்தக் கார்டுக்குத்தான்!

ரிச்சி தெரு

ரயில் ஏறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப் ஒன்று 46,000 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆறு கோர் பிராசசர், 32 ஜிபி ராம், எஸ்எஸ்டி. அப்பாவின் தீபாவளி போனஸும் என் சேமிப்பும் போதுமானதாக இருந்தது. சீட்டில் கை வைக்கவில்லை.

பழையது வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கவும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும் பார்த்தே பணம் கொடுங்கள்.

நான் செய்த தவறு

எல்லாம் பார்த்தவன் திரையைப் பார்க்காமல் விட்டேன். அந்தத் திரை நிறங்களை மங்கலாகக் காட்டும் ரகம். மணமகள் முகம் வெளிறித் தெரிகிறதே என்று சிவப்பைக் கூட்டினேன். அச்சாகி வந்தபோது முகம் தக்காளியாக இருந்தது! மறு அச்சுச் செலவு என் தலையில். வண்ண வேலைக்கு வாங்குவோர், திரை எஸ்ஆர்ஜிபி நிறங்களில் 100 சதவீதம் அல்லது அதற்கு நெருக்கமாகக் காட்டுமா என்று கேளுங்கள். இப்போது நான் ஸ்டுடியோ மானிட்டரில் சரிபார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புகிறேன்.

அடுத்தது சூடு. பிராசசர் 100 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் ஷீட் வீட்டில் மதிய நேரத்தில் இது தினமும் நடந்தது. மெத்தைமேல் வைத்தால் காற்று வழியும் அடைபடும். ஆகவே அதிகாலை 4 மணிக்கு எழுந்து, பலகைமேல் வைத்து வேலை செய்கிறேன். கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். 170 வாட் சார்ஜர் முழு அளவில் 6 மணி நேரம் ஓடினால்தான் சுமார் 1 யூனிட்.

மென்பொருளுக்கும் திருட்டு நகல் தேவையில்லை. பிளெண்டர், கிம்ப், கிரிட்டா எல்லாம் இலவசம். ஆட்டோகேடு மாணவர்களுக்குப் படிப்புக்காக இலவசம். ஆனால் அதில் காசு வாங்கும் வேலை செய்யக்கூடாது.

நண்பர்களே, உயர்ரக லேப்டாப் என்பது விலை உயர்ந்தது அல்ல, நம் வேலைக்குத் தடையாக நிற்காதது. அதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார், நாம்தான் அளக்க வேண்டும். அளக்கத் தெரிந்தவன்தானே டெக்னீஷியன்!

ஆல்பம் வேலையில் சேர்த்த 20,000 ரூபாயைப் போன மாதம் அப்பாவிடம் நீட்டினேன். "அம்மாகிட்ட குடு, சீட்டுல கட்டட்டும்" என்றார். வரும் சித்திரைக்குள் கூரை ஷீட் மாற்றிவிடுவோம். அதன்பிறகு என் லேப்டாப்பும் மதியத்தில் ஓடும்.



– இறுதியாண்டு, மெக்கானிக்கல்