திருவனந்தபுரம் கொம்பன்ஸ்: முதல் சீசனும் பொழியூரும்

திருவனந்தபுரம்: கேரள சூப்பர் லீக் கால்பந்துத் தொடரின் முதல் சீசன் 2024 செப்டம்பர் 7 முதல் நவம்பர் 10 வரை நடைபெற்றது. பங்கேற்ற 6 அணிகளும் தம்முள் தலா இரு முறை மோதின. முதல் 4 அணிகளுக்கு அரையிறுதி வாய்ப்பு. அவற்றுள் ஒன்றான திருவனந்தபுரம் கொம்பன்ஸ், பின்னர் கோப்பையை வென்ற காலிகட் எப்.சி.யிடம் 1-2 என அரையிறுதியில் வீழ்ந்தது.

நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய பொழியூருக்கு இந்த அணி முக்கியமானது. சந்தோஷ் கோப்பை வீரர்கள் பலரைத் தந்த மீனவக் கிராமம் அது. மாநில அணியில் ஆடுவது பெருமைதான். பிழைப்புக்கு ஒப்பந்தம் தரும் கிளப் வேண்டும். அது இப்போது சொந்த மாவட்டத்திலேயே உள்ளது. ஆனால் சீசன் நீடித்தது சுமார் இரண்டு மாதங்களே; எஞ்சிய மாதங்களுக்கு வீரர்கள் வேறு வழி தேட வேண்டும்.