இரண்டு மீட்டர் இழையை மடிக்கும் புரதம்

மனித செல் ஒன்றின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. முழுவதையும் நீட்டி வைத்தால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். உட்கருவின் விட்டமோ ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்குதான். செல் பிரியத் தொடங்கியதும், நகலெடுத்து இரட்டிப்பாகிவிட்ட அந்த இழை தடித்த குரோமோசோம்களாகத் திரள்கிறது. சாலமாண்டர் லார்வாக்களின் செல்களில் இதைப் பார்த்து, வால்தர் ஃபிளெமிங் 1882-லேயே அழகாக வரைந்து வைத்தார். இழையை மடிப்பது எது என்பதுதான் நூறாண்டுக்கு மேல் பிடிபடவில்லை.

1997-ல் தட்சுயா ஹிரானோவின் குழு, தவளை முட்டைச் சாற்றிலிருந்து ஐந்து புரதங்கள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பைப் பிரித்தெடுத்தது. அதன் பெயர் காண்டென்சின். அது இல்லாத சாற்றில் குரோமோசோம் உருவாகவில்லை. ஆனாலும் அது இழையைக் கவ்விப் பிடிக்கிறதா, இழுக்கிறதா என்ற வாதம் நீண்டது.

தீர்ப்பு 2018-ல் வந்தது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட், ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் ஒரு டி.என்.ஏ. இழையின் இரு முனைகளையும் கண்ணாடியில் ஒட்டி, சாயமேற்றி, ஈஸ்ட் காண்டென்சினையும் எரிபொருளாக ஏ.டி.பி.யையும் சேர்த்தார்கள். இழையில் ஒரு புள்ளி முளைத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளையமாக வளர்ந்தது. வினாடிக்கு 1,500 எழுத்திணைகள் (டி.என்.ஏ.வின் கார இணைகள்) வரை அந்த ஒற்றைப் புரத எந்திரம் உள்ளிழுத்தது! கணினி மாதிரிகளில் மட்டுமே இருந்த ஒன்று கண்முன் நடந்தது. அண்மைக்கால உயிரியலில் இதைவிட மனத்தை ஈர்த்த காட்சி எனக்கு வேறில்லை.

அதே ஆண்டு கோழி செல்களில் நடந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. காண்டென்சினில் இரு வகை உண்டு. இரண்டாம் வகை முதலில் சுமார் 4 லட்சம் எழுத்திணை நீள வளையங்களை இழுக்கிறது. உட்கருவின் உறை கலைந்ததும் முதல் வகை நுழைந்து, ஒவ்வொன்றையும் 80 ஆயிரம் அளவுள்ள சிறு வளையங்களாகப் பிரிக்கிறது. சேலைக் கொசுவம் இடுப்பில் செருகப்படுவதுபோல வளையங்களின் அடிகள் நடு அச்சில் சேர்கின்றன. அந்த அச்சும் சுழல்படி போல முறுக்கிக்கொள்கிறது. இழைகள் சிக்கிய இடத்தில் டோபோஐசோமரேஸ் என்ற நொதி வெட்டி, விலக்கி, மறுபடி ஒட்டுகிறது.

காண்டென்சின் மரபணுக்களில் பிழை நேர்ந்தால் குரோமோசோம்கள் சுத்தமாகப் பிரிவதில்லை. மூளை சிறுத்த குழந்தைகள் பிறக்கக்கூடும். இரண்டாம் வகையைக் கட்டுக்குள் வைக்கும் இன்னொரு புரதம் பழுதானாலும் அதே குறைபாடுதான். அங்கே குரோமோசோம்கள் நேரம் வருமுன்பே திரண்டுவிடுகின்றன.